ஊர்த் தண்ணிமேல் பழி, டியூப்மேல் பக்தி

முதலிலேயே டிஸ்கி போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம் முடித்து, வங்கிப் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவன். கடன் ஃபைலில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கத் தெரியும். மருந்து எழுதத் தெரியாது, எழுதவும் மாட்டேன். இந்தப் பதிவில் நான் சண்டை போடப்போவது நம்ம ஜனங்களோடு. அதற்கு பி.காமே ஜாஸ்தி :-)

வங்கி உத்தியோகம் என்றால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டுவது. நாக்பூர், போபால், ராய்ப்பூர், இப்போது லக்னோ. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கும், ஒரு ஐயப்பன் கோயில் இருக்கும், இட்லி அரிசி வரவழைத்துத் தரும் ஒரு கடை இருக்கும். கூடவே ஒரு வாக்கியமும் இருக்கும். "இந்த ஊர் தண்ணி ஒத்துக்கலை சார்." முடி கொட்டினால் தண்ணி. குழந்தைக்குக் கன்னத்தில் வெள்ளைத் திட்டு வந்தால் தண்ணி. இடுப்பில் அரித்தால் தண்ணி. எங்கள் கிளையில் வேலை பார்த்துச் சென்னைக்கு மாற்றலாகிப் போன லக்னோக்காரர் ஒருவர் போனில் என்ன சொன்னார் தெரியுமா? சென்னைத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லையாம்!

தண்ணி முழு நிரபராதி என்று வாதாட வரவில்லை. போர்வெல் உப்புத் தண்ணி தோலை வறட்டும், கரப்பான் உடம்புக்காரர்களுக்கு அரிப்பைக் கூட்டும். வடக்கே டிசம்பர் ஜனவரியில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குளித்தால் கால் முள்ளங்கிச் செதில் மாதிரி ஆகும். (தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடும், அதைக் கரண்டிக் காம்பால் நோண்டுவது ஒரு தனிக் கலை.) ஆனால் தண்ணி வட்டம் போடாது. இடுப்புப் பட்டியில் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டமாக, ஓரம் மேடாக, செதிலோடு, நடுவில் கொஞ்சம் தெளிந்து ஒன்று வந்தால் அது படர்தாமரை. பூஞ்சைக் காளான். அதற்கும் முனிசிபாலிட்டி குழாய்க்கும் சம்பந்தம் இல்லை.

என் கோபம் தண்ணியைத் திட்டுவதில் இல்லை. தண்ணிக்கு வலிக்காது. காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்து நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறோமே, அங்கேதான் வினை ஆரம்பம். "அரிப்புக்கு ஒரு க்ரீம் குடு பையா." அவரும் கொடுப்பார். பல் தேய்க்கும் பேஸ்ட் மாதிரி அடியிலிருந்து சுருட்டி அமுக்கப்பட்ட அந்த டியூப் எந்தத் தமிழ் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் பெருங்காயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. புருஷன் இடுப்புக்கும் அதுதான், பெண்டாட்டி முகத்துக்கும் அதுதான், குழந்தைக்கு டயபர் போட்ட இடத்துக்கும் அதுதான். ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கும் இரண்டு வாங்கிப் போவோம்.

இருபது வருஷமாகப் பொடி எழுத்து படித்தே சம்பளம் வாங்குகிறவன் என்பதால் சொல்கிறேன், அந்த டியூபின் பொடி எழுத்தையும் ஒருதரம் படியுங்கள். பெரும்பாலும் மூன்று சமாசாரம் இருக்கும்: பூஞ்சையைக் கொல்ல ஒன்று, பாக்டீரியாவைக் கொல்ல ஒன்று, மூன்றாவதாக ஒரு ஸ்டீராய்டு. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர். இதில் குளோபெட்டசால் என்பது தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. தொடை இடுக்கு, முகம், குழந்தையின் தோல் இதெல்லாம் மெல்லியவை, மருந்தை ஜாஸ்தி உறிஞ்சும். டயபரால் மூடிவிட்டால் இன்னும் ஜாஸ்தி.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? சிவப்பும் அரிப்பும் நம் உடம்பு பூஞ்சையோடு போடும் சண்டையின் சத்தம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. இரண்டே நாளில் அரிப்பு போச்சு, "அருமையான மருந்துப்பா" என்று நாலு பேருக்குச் சிபாரிசு வேறு. பூஞ்சையோ காவல் இல்லாத வீட்டில் சாவகாசமாகக் குடும்பம் நடத்துகிறது. டியூபை நிறுத்தினதும் முன்னைவிடப் பெரிதாக வருகிறது, மறுபடி தடவுகிறோம். எங்கள் தொழிலில் இதற்கு எவர்கிரீனிங் என்று பெயர். வாராக்கடனை அடைக்க அதே ஆளுக்குப் புதுக் கடன் கொடுத்து, கணக்கு சுத்தமாக இருக்கிறது என்று காட்டுவது. ஆடிட்டில் மாட்டினால் எங்களுக்குச் சார்ஜ் ஷீட். வீட்டில் யார் ஆடிட் செய்வது?

எங்கள் அடுக்குமாடியில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். அண்ணாச்சிக்கு ஆடி மாசப் புழுக்கத்தில் இடுப்பில் ஆரம்பித்தது. டியூப். போச்சு, வந்தது. வேறு டியூப். ஐப்பசியில் அவர் மனைவிக்கு ஜாக்கெட் ஓரத்தில். மார்கழியில் பையன் கழுத்தில். டாக்டரிடம் போய்ச் சேர்ந்தபோது எட்டு மாசம் ஆகியிருந்தது. அதற்குள் அண்ணாச்சியின் தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு மாதிரி கோடு கோடாக விழுந்திருந்தது. பூஞ்சை போய்விட்டது, அந்தக் கோடு போகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வட்டம் வட்டமாக இருந்ததும் அடையாளம் தெரியாமல் கலைந்து, வட்டத்துக்குள் வட்டமாகிக் கிடந்ததால் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் உறுதி செய்தார்களாம். ஒரே வேளையில் மூன்று பேருக்கும் வைத்தியம், வாய்வழி மாத்திரை வாரக்கணக்கில், துண்டு தனித்தனி, துணி வெயிலில். இத்தனைக்கும் பிறகு லிஃப்ட்டில் அண்ணாச்சி என்னிடம் சொன்னது: "என்ன இருந்தாலும் இந்த ஊர் தண்ணி சரியில்லை சார்."

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை ஷெட்யூல் ஹெச் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அதுவரை "வெளிப்பூச்சுதானே" என்று விதிவிலக்கு இருந்தது. தோல் டாக்டர்கள் சங்கம் வருஷக்கணக்காகக் கத்தியதன் பலன். சட்டம் வந்தது, ஆனால் கவுண்டரில் சீட்டு கேட்கிறார்களா? நீங்களே சொல்லுங்கள். 2020-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இந்தியா, நேபாளத்து நோயாளிகளிடம் கிடைத்த ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்குப் புதுப் பெயரே வைத்தார்கள்: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. இண்டோ என்றால் நாம்தான்! வழக்கமான டெர்பினஃபின் மருந்துக்குப் பல நேரம் மசியாத ரகம். 2023-ல் அமெரிக்காவில் நியூயார்க்கில் இரண்டு பேருக்கு இது வந்ததை அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையம் பெரிய செய்தியாக வெளியிட்டது. இது இப்படிப் பரவியதில் ஸ்டீராய்டு கலந்த டியூப்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

உடனே "ஸ்டீராய்டு விஷம்" என்று கிளம்பிவிடாதீர்கள், அது அடுத்த பைத்தியக்காரத்தனம். குழந்தைக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்பக்க மடிப்பிலும் வரும் கரப்பானுக்கு, டாக்டர் அளவு சொல்லிக் கொடுக்கும் ஸ்டீராய்டுப் பூச்சு முறையான மருந்து. அதைப் பயந்து தடவாமல் விட்டு, ராத்திரி முழுக்கப் பிள்ளை சொறிந்து ரத்தம் வரப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: கரப்பானும் அரிக்கும், படர்தாமரையும் அரிக்கும். அதே மருந்து ஒன்றைத் தணிக்கும், இன்னொன்றுக்குத் தீனி போடும். எது என்று தெரியாமல் தடவுவது, கேஒய்சி இல்லாமல் கணக்கு திறப்பது. முன்பின் தெரியாத ஆளுக்குச் செக் புக் கொடுக்க மாட்டோம், தோலுக்கு மட்டும் என்ன சலுகை?

அரிப்பில் இன்னொன்று, சிரங்கு. ஸ்கேபீஸ் என்று டாக்டர் சொல்வது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் சமாசாரம். ராத்திரியில் அரிப்பு பிய்த்துக்கொண்டு போகும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, அந்தரங்க இடங்கள். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் அரித்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கோட்டாவிலோ புணேயிலோ ஹாஸ்டலில் இருந்து பிள்ளை லீவுக்கு வந்து ஒரு மாசம் கழித்து வீடே சொறிந்தால், கேண்டீன் சாப்பாட்டு அலர்ஜி என்று கத்திரிக்காயை நிறுத்திப் பிரயோஜனம் இல்லை. முதல் தடவை தொற்றும்போது அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதனால்தான் அரிக்காதவர்கள் உட்பட எல்லோரும் ஒரே ராத்திரி, கழுத்திலிருந்து கால் விரல் வரை மருந்து பூச வேண்டும் என்கிறார்கள். பிறகு ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி. நம்மவர்கள் அரித்தவருக்கு மட்டும், அரித்த இடத்தில் மட்டும் பூசுவார்கள். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும் என்பதும் தெரியாமல், மருந்து வேலை செய்யவில்லை என்று மீண்டும் யாரிடம் போவார்கள்? டியூபிடம்.

வெள்ளையாக எது வந்தாலும் நம் வீட்டில் முதலில் பயம், பிறகு மூடி மறைப்பு. பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். வெள்ளையில் நாலு வகையாவது நம் கண்ணில் படுகிறது. மார்பு முதுகில் சிறு சிறு திட்டாக, நகத்தால் லேசாகச் சுரண்டினால் பொடிச் செதில் வந்தால் அநேகமாகத் தேமல். உத்தரப்பிரதேசத்துப் பக்கம் சேஹுவா என்பார்கள். அதுவும் பூஞ்சை வகைதான், வியர்வைக் காலத்தில் வரும். மருந்தில் பூஞ்சை செத்தாலும் நிறம் திரும்ப மாசக்கணக்கில் ஆகும், அவசரப்படக் கூடாது. பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலான, ஓரம் தெளிவில்லாத வறண்ட திட்டு வந்தால் வயிற்றில் பூச்சி என்று பூச்சி மருந்து கொடுக்கிறோம். அது லேசான கரப்பான் வகை. பூச்சிக்கும் கன்னத்துக்கும் கனெக்‌ஷன் இல்லை.

பால் மாதிரி வெள்ளையாக, ஓரம் தெளிவாக, செதில் இல்லாமல், உணர்ச்சி சரியாக இருந்தால் வெண்புள்ளி. தோலுக்கு நிறம் தரும் செல்களை உடம்பே தாக்குவதால் வருவது. தொற்றாது. தயவுசெய்து அதை வெண்குஷ்டம் என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த ஒரு சொல்லால் எத்தனை கல்யாணம் நின்றிருக்கிறது! ஒட்டுப்பொட்டு வைக்கிற இடத்தில் மட்டும் வெளுத்தால் அந்தப் பசையில் உள்ள ரசாயனம் காரணமாக இருக்கலாம். பொட்டை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். மேலே பெரிய பொட்டாக வைத்து மறைக்கிறோம் நாம்!

நாலாவது, வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டு. அதில் சூடு தெரியாது, குத்தினால் தெரியாது, அரிக்கவும் அரிக்காது. இது தொழுநோயாக இருக்கலாம். "இந்தக் காலத்துல யாருக்கு சார்?" என்கிறீர்களா? 2005-ல் தேசிய அளவில் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று அறிவித்தோம், உண்மை. ஆனால் உலகில் வருஷாவருஷம் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுபவர்களில் பாதிக்கு மேல் இன்றைக்கும் இந்தியாவில்தான். படித்த வீடு, மாடி வீடு என்று கிருமி பார்ப்பதில்லை. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், 6 அல்லது 12 மாசம், குணமாகிவிடும். அரிக்காத, வலிக்காத திட்டு என்பதால்தான் விட்டுவிடுகிறோம். நரம்பு கெட்ட பிறகு போனால் மருந்து கிருமியைக் கொல்லும், மடங்கிய விரலை நிமிர்த்தாது. எது ரொம்பத் தொந்தரவு பண்ணுகிறதோ அதற்கு ஓடுகிறோம். சத்தமில்லாததைக் கவனிக்க ஆளில்லை.

அக்கிக்கு வருகிறேன். இதில் நம் ஊர் வழக்கம் ஒன்று உண்டு: குயவர் வீட்டுக்குப் போய்க் காவி கரைத்து எழுதுவது. இங்கே குயவரை எங்கே தேடுவது? அதனால் ஊருக்குப் போன் போட்டு, பாட்டி சொன்னபடி வீட்டிலேயே எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காவியால் பெரிய கெடுதல் என்று சொல்லவில்லை. கெடுதல் அதில் போகும் மூன்று நாள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக, எரிச்சலும் வலியுமாகக் கொப்புளம் வந்தால், சின்னம்மை போட்ட அதே வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து திரும்ப வந்திருக்கிறது. வைரஸ் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. வயதானவர்களுக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் அந்த நரம்பு வலி மாசக்கணக்கில் நிற்கும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கு ஆபத்து, அன்றைக்கே ஓட வேண்டும். பாட்டியிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டே ஆட்டோ பிடிக்கலாம், தப்பில்லை.

இன்னொரு கொடுமை கழுத்து. பிள்ளையின் பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுப்பாக இருந்தால் "ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கிறதில்லை" என்று கடலை மாவு, பீர்க்கங்கூடு, எலுமிச்சை என்று தேய்த்துத் தோலை உரிக்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அது அழுக்கு கிடையாது. பல நேரம் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை என்பதற்கு அடையாளம். எடையையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லும் நோட்டீஸ். வந்த நோட்டீஸைப் படிக்காமல் கவரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். (சர்க்கரை நம் குடும்பங்களில் பரம்பரைச் சொத்து என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.)

"நெட்டில் படம் பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு. அந்தப் படங்களில் நிறைய வெள்ளைக்காரத் தோல். அதில் ரோஜா நிறமாகத் தெரிவது நம் தோலில் பழுப்பாக, ஊதாவாக, சாம்பலாகத் தெரியும். 2020-ல் லண்டனில் மலோன் முகுவெண்டே என்ற மருத்துவ மாணவர், கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று தன் ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு கையேடே தயாரிக்க வேண்டி வந்தது. டாக்டர்களுக்கே பாடத்தில் இவ்வளவு இடைவெளி என்றால், டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவை ஃபேமிலி குரூப்பில் போட்டு, கோயம்புத்தூர் சித்தப்பாவிடம் மருந்து கேட்பதை என்னவென்று சொல்ல!

செலவு என்பார்கள். எட்டு மாசம் வாங்கிய டியூப்களின் விலையைக் கூட்டிப் பாருங்கள், பிறகு பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் எந்த ஊரிலும் தோல் பிரிவு உண்டு. வடக்கே 'சர்ம ரோக்' என்று போர்டு இருக்கும். தனியாரில் போவதானால் பெயருக்குப் பின்னால் எம்.டி. டி.வி.எல் அல்லது டி.டி.வி.எல் இருக்கிறதா பாருங்கள். ஏசி ஹாலும் முடி நடும் போஸ்டரும் படிப்பு ஆகாது.

பாஷை தெரியாது என்பதும் ஒரு சாக்கு. தெரியாததால் எல்லாவற்றுக்கும் "அலர்ஜி, அலர்ஜி" என்கிறோம், அந்தச் சொல்லே அவரைத் தப்பான பக்கம் திருப்பிவிடுகிறது. ஹிந்தியிலும் பங்களாவிலும் படர்தாமரைக்கு தாத், மராட்டியில் கஜகர்ணம், அரிப்புக்கு ஹிந்தியில் குஜ்லி. ரயில் பாதை ஓரச் சுவரெல்லாம் "தாத், காஜ், குஜ்லி" என்று பெயிண்ட் அடித்த விளம்பரம் பார்த்துக்கொண்டேதானே லீவுக்கு ஊருக்குப் போகிறோம். அதைவிட, எப்போது தொடங்கியது, எங்கே தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்கு, ராத்திரி கூடுமா, இந்த நாலையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். காட்டப் போகிற அன்றைக்குக் காலையில் எதையும் தடவாதீர்கள். அதுவரை தடவிய டியூப், பவுடர், லேகியம் எல்லாவற்றையும், காலியானது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேஜைமேல் கொட்டுங்கள். கொஞ்சம் வெட்கமாக இருக்கும். பரவாயில்லை, அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.